நாற்பது நாள் அந்தப் பக்கம் போகாதே

எங்கள் காப்பகத்தில் ஒரு நாயைத் தத்துக் கொடுக்கும்போது படிவத்தில் கையெழுத்து வாங்குவோம். அதில் பத்து விதிகள் அச்சில் இருக்கும். பதினொன்றாவது மட்டும் கையால் எழுதியிருக்கும். ஜெராக்ஸ் எடுத்து, அந்த ஜெராக்ஸையே மறுபடியும் ஜெராக்ஸ் எடுத்து, எழுத்தெல்லாம் எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கையெழுத்து என்னுடையது.

போன மாதம் சஜிதா போன் பண்ணினாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் அவள்தான். நல்ல பிள்ளை, கொஞ்சம் அவசரக்காரி.

“அக்கா, படிவத்தப் புதுசா அச்சடிக்கப் போறோம். இந்தப் பதினொண்ணாவது எதுக்காக்கும்? இப்ப நாங்க நாயக் குடுத்த மூணாம் நாளே அந்த வீட்டுக்குப் போயி வீடியோ எடுத்துப் போடுகோம். ஆளுவளுக்கு அது நல்லாட்டுப் பிடிச்சிருக்கு. எடுத்துரட்டா?”

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. எடுக்கக் கூடாது என்றேன். ஏன் என்று கேட்டாள். போனில் சொல்ல வாய் வரவில்லை. எழுதித் தருகிறேன் பிள்ளே என்று சொல்லி வைத்துவிட்டேன். இந்தக் கதை தெரிந்தவர்கள் மூன்றே பேர். டாக்டர் சார் காலமாகிவிட்டார். மீதி இரண்டு பேரில் ஒருத்தி நான்.

அந்த விதி இதுதான்: “நாயைப் பராமரித்த பணியாளர், அது போன வீட்டுக்கு நாற்பது நாள் போகக் கூடாது. அந்தத் தெரு வழியாகவும் போகக் கூடாது.” மற்ற பத்து விதிகளும் நாயை வாங்கிப் போகிறவர்களுக்கு. இது ஒன்றுதான் கொடுக்கிற எங்களுக்கு.

நான் பதினெட்டு வயதில் முந்திரி உடைக்கப் போனவள். எங்கள் பக்கம் முந்திரி ஆலைக்கு அண்டி ஆபீஸ் என்று பெயர். ஆபீஸ் என்று சொல்வதால் கல்யாணச் சந்தையில் எங்களுக்குக் கொஞ்சம் மதிப்பு உண்டு, முந்திரிப் பால் பட்டுக் கறுத்த விரலைப் பார்க்காத வரைக்கும். அந்த ஆலையை மூடியபோது எனக்கு முப்பத்தைந்து வயது. கொட்டாரம் தாண்டி வயல்கரையில் ஒரு டாக்டர் நாய்க் காப்பகம் நடத்துகிறார், கூட்டிப் பெருக்க ஆள் தேடுகிறார் என்று சபையில் ஒரு அக்கா சொன்னாள். அரசாங்கக் கால்நடை ஆஸ்பத்திரியில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் போனபோது ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு கிழ நாயின் காதைத் துடைத்துக்கொண்டிருந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

“நாயி பிடிக்குமா உனக்கு?”

“பிடிக்காது சார். பயமாக்கும்.”

“அப்ப நாளைக்கே வா. பிடிக்கும்னு செல்லி வந்தவங்க மூணு பேரும் ஒரு மாசம் தாண்டல.”

அப்படித்தான் சேர்ந்தேன். முதல் வருடம் கழுவினேன், இரண்டு கடி வாங்கினேன். மூன்றாம் வருடம் ஒரு குட்டியின் மூச்சை முகர்ந்தே அது பிழைக்குமா பிழைக்காதா என்று சொல்லத் தெரிந்தது. எட்டாம் வருடம் தத்துக் கொடுக்கும் பொறுப்பை சார் என் கையில் கொடுத்தார். நடுவில் நடந்ததெல்லாம் எல்லா வேலையிலும் நடப்பதுதான்.

சாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வருகிறவர்களின் முகத்தை அவர் பார்க்கவே மாட்டார். காலைப் பார்ப்பார். நாயை அவிழ்த்து விடுவோம். அது வந்து முகரும்போது, வந்தவர்களின் பாதம் பின்னால் நகர்கிறதா, விரல் மடங்குகிறதா, சும்மா இருக்கிறதா என்று அவர் கண் தரையிலேயே இருக்கும். சில பேர் வாயெல்லாம் பல்லாக “சோ ஸ்வீட்” என்பார்கள், செருப்புக்குள் பத்து விரலும் சுருண்டு கிடக்கும். சார் பேனாவை மூடிவிடுவார். அவருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். “அப்படியா” என்பார். அந்த ஒரு சொல்லைக் கேட்பதற்குப் பதில் நான்கு அடி வாங்கிக்கொள்ளலாம்.

தத்து எடுக்க ஒருவர் மூன்று முறை வர வேண்டும். முதல் முறை அரை மணி நேரம் பெஞ்சில் சும்மா உட்கார வேண்டும், நாயைக் காட்ட மாட்டோம். நாய்கள் அவரைப் பார்த்துக்கொள்ளும், அது போதும். பாதிப் பேர் அந்த அரை மணி நேரத்திலேயே எழுந்து போய்விடுவார்கள். இரண்டாம் முறை நாயோடு குளத்தங்கரை வரைக்கும் நடக்க வேண்டும். மூன்றாம் முறை வீட்டில் உடுத்துக் கழற்றிய பழந்துணி ஒன்றைத் துவைக்காமல் கொண்டுவர வேண்டும். அதை நாய் படுக்கும் இடத்தில் போட்டு, ஒரு வாரம் கழித்து நாயைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்வோம். புது வீட்டில் முதல் ஏழு நாள் குளிப்பாட்டக் கூடாது. நம் ஆட்களுக்கு எதையும் வீட்டுக்குள் கொண்டுவந்ததும் முதலில் கழுவ வேண்டும். நாய்க்கு அதன் மணம் போனால் பாதி உயிர் போன மாதிரி.

ஒரு மாதம் கழித்து சார் தன் பழைய ஜீப்பில் அந்த ஊருக்குப் போவார். தெருமுனையில் நிறுத்தி, அங்கிருந்தே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவார். இறங்க மாட்டார். அவருக்கு முழங்கால் வலி உண்டு, அதனால்தான் இறங்குவதில்லை என்று நானாக நினைத்துக்கொண்டேன். கேட்கவும் இல்லை, அவர் சொல்லவும் இல்லை.

செவலைக்கு வருகிறேன்.

கன்னியாகுமரியில் லாட்ஜுகள் இருக்கும் தெருவில் கிடந்த பெட்டை நாய். செம்மண் நிறம். பல்லைப் பார்த்து ஐந்து வயது என்று சார் சொன்னார். கருத்தடை செய்த அடையாளமாக இடது காதின் நுனியை வெட்டியிருக்கும். சீசனுக்கு வருகிற ஆயிரம் பேர் தடவிக் கொடுத்து வளர்ந்ததாலோ என்னவோ, அதற்கு மனுஷர் என்றால் உயிர். குதிக்காது, நக்காது. அருகில் வந்து உட்கார்ந்து, தாடையை நம் பாதத்தின் மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்ளும். அவ்வளவுதான். நாம் காலை எடுக்கிற வரைக்கும் அப்படியே இருக்கும். எத்தனையோ நாள் அதற்காகவே வேலையைப் போட்டுவிட்டு நின்றிருக்கிறேன்.

இப்படிப்பட்ட நாயை யாரும் வாங்க மாட்டார்கள். வருகிறவர்கள் எல்லாம் “குட்டி இல்லியா?” என்று கேட்பார்கள். வளர்ந்த நாய் என்றால் இரண்டாம் கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்த மாதிரி ஒரு முகம். ஒருவழியாக நாகர்கோவிலில் ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியர் கூட்டிப் போனார். பதினான்காம் நாள் ஆட்டோவில் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

“நாயா இது? கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவன் காலுல தலைய வச்சுப் படுத்துக் கெடக்கு. பேப்பர்காரன், கேபிள்காரன், ஒருத்தனப் பாத்தும் ஒரு குரை இல்ல. நான் எதுக்குச் சோறு போடணும்?”

சார் “அப்படியா” என்றார். தலைமையாசிரியர் நாயை விட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதன் பிறகு நான்கு நாள் செவலை சாப்பிடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தது. சாளை மீனை அவித்து, முள் எடுத்து, சோற்றோடு பிசைந்து உள்ளங்கையில் வைத்து அதன் முன்னால் உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் அப்படியே இருப்பேன். ஐந்தாம் நாள் மதியம் என் கையிலிருந்து தின்றது. அன்றைக்கு அது காப்பகத்து நாய் இல்லை, என் நாய் ஆகிவிட்டது. வாயால் சொன்னதில்லை, மனதில் அப்படித்தான்.

அப்படியானால் நீயே வளர்த்திருக்கலாமே என்று கேட்கலாம். சாரும் கேட்டார். நாங்கள் இருந்தது லைன் வீடு. ஓனருக்குப் பூனைகூட ஆகாது. வீட்டுக்காரருக்கு இளைப்பு. “முடியாது சார்” என்று சொல்லிவிட்டேன். சொன்னதை மனசு கேட்க வேண்டுமே.

அப்போதுதான் பிலோமினா வந்தாள். கடியப்பட்டணத்துக்காரி, மீன் விற்கிறவள், என்னைவிட நாலைந்து வயது இளையவள். கொட்டாரம் சந்தையில் மீன் விற்று முடித்து, காலிக் கூடையோடு அப்படியே காப்பகத்துக்குள் நுழைந்துவிட்டாள். மீன் மணத்துக்கு நாற்பது நாயும் சேர்ந்து ஊரைக் கூட்டிவிட்டன. அவள் கூடையைக் கவிழ்த்துப் போட்டு, பெஞ்சில் அரை மணி நேரம் கல்லாக உட்கார்ந்தாள். சார் கண் வழக்கம்போலத் தரையில் இருந்தது. அந்தப் பாதம் அசையவே இல்லை. மீன்காரி நாய்க்குப் பயந்தால் தொழில் நடக்குமா?

“உமக்கு எதுக்கு நாயி?” என்று சார் கேட்டார்.

“பேச ஒரு ஆளு வேணும் டாக்டரே. எனக்க மவ குவைத்துல நர்ஸு. அவ போன் விளிச்சா அவதான் பேசுவா. மாமனாரு மாமியாரு வரைக்கும் செல்லி முடிச்சு வச்சிருவா. நான் செல்லுகதக் கேக்க வீட்டுல ஒரு சீவன் இல்ல.”

“காவலுக்கு ஆவாது. இது குரைக்காது.”

“எனக்க வீட்டுல களவாங்க என்ன இருக்கு? ரெண்டு சருவப் பானை. கொண்டு போவட்டும்.”

சார் சிரித்து நான் பார்த்த சில நாட்களில் அது ஒன்று.

மூன்றாம் முறை பழந்துணி கொண்டுவந்தாள். துவைத்து, நீலம் போட்டு, மடித்த சேலை. சார் திருப்பி அனுப்பினார். “நாறும் டாக்டரே” என்றாள். “நாறட்டும்” என்றார். மறுநாள் கூடை சுமந்த சேலையை அப்படியே சுருட்டிக் கொண்டுவந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு என் கையில் தந்தாள். செவலை அதன் மேல் ஏழு நாள் படுத்தது. எட்டாம் நாள் ஆட்டோவில் ஏறிப் போனது. நான் வாசல் பக்கம் போகவில்லை. பின்னால் நின்று பிளீச்சிங் பவுடர் கரைத்துக்கொண்டிருந்தேன்.

எட்டு நாள் தாக்குப்பிடித்தேன். ஒன்பதாம் நாள் லீவு போட்டேன். வீட்டுக்காரரிடம் நாகர்கோவிலில் ஒரு சோலி என்று சொன்னேன். சாளை அவித்துப் பிசைந்த சோற்றை டிபன் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வரலாம், அதுவும் வேலைதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலைக்குப் போகிறவள் எதற்கு டிபனில் சோறு கொண்டு போகிறாள்? அதை மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

கடியப்பட்டணத்தில் கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருந்தது. மைக் செட்காரன் ஒன்று இரண்டு மூன்று சொல்லிக்கொண்டிருந்தான். பிலோமினா வீட்டை விசாரித்துப் போனேன். என்னைக் கண்டதும் அவளுக்கு வாய் கொள்ளாத சந்தோஷம்.

“வாங்கக்கா, வாங்க! நல்ல நேரத்துல வந்திய. எட்டு நாளு பாத்திரத்துல வச்சிட்டு நான் அங்கிட்டுப் போவணும், அப்பதான் வாய் வைக்கும். இண்ணைக்குக் காலம்பற எனக்க கைல இருந்து தின்னிச்சு அக்கா! கைல இருந்து!”

அவள் சொல்லி முடிக்கவில்லை. என் குரல் கேட்டு உள்ளேயிருந்து செவலை வந்தது. ஓடி வந்த வேகத்தில் அதைக் கட்டியிருந்த கயிறு இழுத்து விழுந்து, எழுந்து, மறுபடி விழுந்தது. அது அழுகிற மாதிரி ஒரு சத்தம் போட்டது. அதற்கு முன் நான் கேட்டதில்லை. என் பாதத்தில் தாடையை வைத்தது. உடம்பு முழுக்க நடுங்கியது. நான் டிபனைத் திறந்து கையில் வைத்து நீட்டினேன். மூன்றே வாயில் தின்றது.

பிலோமினா எனக்காகக் கொண்டுவந்த பால் விடாத கட்டஞ்சாயா கிளாசோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். “உங்க கைன்னா அதுக்குத் தனிதான் அக்கா” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எனக்குப் பெருமையாக இருந்தது. இந்த வரியை எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் நான் இதையெல்லாம் எழுதுவதே இந்த ஒரு வரிக்காகத்தான். காலையில் அந்தப் பெண்ணின் எட்டு நாள் பொறுமைக்குக் கிடைத்ததை நான் மூன்று வாய்ச் சோற்றில் தட்டிப் பறித்தேன், எனக்கு அது இனித்தது.

நான் கிளம்பும்போது அது கத்தியது தெரு முடிகிற வரைக்கும் கேட்டது. மேலே மெயின் ரோட்டு ஜங்ஷனுக்கு நடந்து வந்தேன். பஸ் அப்போதுதான் போயிருந்தது. பூட்டிக் கிடந்த ஒரு பஞ்சர் கடை முன்னால், புங்க மரத்தடியில் ஒரு கல் கிடந்தது. அதில் உட்கார்ந்து அடுத்த பஸ் வரும் வரை ஒரு மணி நேரம் அழுதேன். முந்தானை நனைந்துவிட்டது.

மறுநாள் காலையில் காப்பகத்து போன் அடித்தது. சார் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். பிலோமினா.

“டாக்டரே, செவலையக் காணல. நேத்து சாயங்காலம் கோயில்ல வெடி போட்டாவ. வந்து பாத்தா பெல்ட்டு மட்டும் கெடக்கு.”

சார் போனை வைத்துவிட்டு எங்கள் நான்கு பேரையும் பார்த்தார். “எட்டு நாள் நின்ன நாயி ஒம்பதாம் நாள் போவாது. வெடிச் சத்தத்துக்குப் போயிருந்தா ஒரு மாதிரித் தேடணும். ஆளைத் தேடிப் போயிருந்தா வேற மாதிரித் தேடணும். இஞ்ச இருந்து யாராவது அங்க போனியளா?”

மற்ற மூன்று பேரும் இல்லை என்றார்கள். என் முறை வந்தது.

“இல்ல சார்” என்றேன்.

சார் ஒரு நிமிடம் என் காலைப் பார்த்தார். நான் ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தேன். அதனால் பிழைத்தேன்.

அப்படியானால் வெடிதான் என்று முடிவானது. வெடிக்குப் பயந்த நாய் சத்தத்துக்கு எதிர்ப்பக்கம் ஓடும், இருட்டான இடத்தில் ஒடுங்கும். கோயில் வடக்கே இருப்பதால் நாங்கள் தெற்கே கடற்கரை முழுவதும் தேடினோம். கவிழ்த்துப் போட்ட வள்ளங்களுக்கு அடியில், தாழம்புதரில், வலை போட்டு வைக்கும் கொட்டகையில் என்று ஒரு இடம் விடவில்லை. கோயில் மைக்கில் சொன்னார்கள். ஊர்க்காரர்கள் நான்கு செவலை நாய்களைப் பிடித்து வந்தார்கள், எல்லாவற்றுக்கும் காது முழுதாக இருந்தது. முதல் நாள் போனது. இரண்டாம் நாளும் போனது. சாருக்கு அப்போது எழுபது தாண்டியாகிவிட்டது. அந்த முழங்காலை வைத்துக்கொண்டு மணலில் நடந்தார். நான் அவர் பின்னால் நடந்தேன். ஒவ்வொரு எட்டிலும் சொல்லிவிடலாம் என்று தோன்றும். இரண்டு நாள் கழித்துச் சொன்னால் இரண்டு நாள் பொய்யையும் சேர்த்துச் சொல்ல வேண்டுமே என்று வாய் அடைத்துக்கொள்ளும்.

ஆனால் பிலோமினாவுக்குத் தெரியும். நான் போனதைக் கண்ணால் கண்டவள் அவள். ஏன் அவள் சொல்லவில்லை? அது என்னை அரித்தது.

மூன்றாம் நாள் மதியம் நானும் அவளும் ஒரு வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்தோம். மூன்று நாளாக அவள் மீன் ஏலத்துக்குப் போகவில்லை. உதடு காய்ந்து கிடந்தது.

“ஏன் பிள்ளே, நான் வந்துட்டுப் போனத நீ டாக்டர்கிட்டச் செல்லல?”

அவள் கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “எப்படிக்கா செல்லுவேன்? நீங்க போன பெறகு அதுக்கு எனக்க சோறு எறங்கல. எனக்க முகத்தையே பாக்கல. வாசலையே பாத்துட்டுக் கெடந்துது. டாக்டர்கிட்டச் செல்லப் போயி, இவகிட்ட நிக்க அந்த நாய்க்கு மனசில்லன்னு அவரு திருப்பி எடுத்துட்டாருன்னா? கெடைச்சா எனக்கு வேணும்கா அது. அதான் வாயப் பொத்திட்டு இருக்கேன்.”

என் மேல் அவள் ஒரு குற்றமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது தப்பித்திருப்பேன். எழுந்து சாரிடம் போனேன். ஜீப்பில் சாய்ந்து பிளாஸ்க்கில் இருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார்.

“சார், நான் போயிருந்தேன். வெடி போட்ட அண்ணைக்கு மத்தியானம்.”

“அப்படியா” என்று வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. டீயை மணலில் ஊற்றினார்.

“எந்த வழியாப் போன?”

“நடந்து மேல ஜங்ஷனுக்கு.”

“எங்க நின்ன?”

“பஞ்சர் கடை முன்னால. கல்லுல இருந்தேன்.”

“எவ்வளவு நேரம்?”

“ஒரு மணி நேரம் இருக்கும் சார்.”

“அழுதியா?”

“ஆமா.”

பிளாஸ்க்கை மூடினார். “ஏறு. அந்தப் பிள்ளையையும் விளி.”

வண்டியில் ஒரே ஒரு முறைதான் பேசினார். “அதுக்குக் கொட்டாரத்துக்கு வழி தெரியாது எஸ்தரே, வந்தது ஆட்டோவுல. உனக்க காலு போன வழி மட்டும் தெரியும். அது எங்க முடியுதோ அங்க இருக்கும். மொதல் நாளே செல்லியிருந்தா அரை மணி நேரச் சோலி.”

பஞ்சர் கடைக்கு நெடுந்தூரம் முன்பே ஜீப்பை நிறுத்தினார். இறங்கி, புங்க மரத்து இலை எந்தப் பக்கம் அசைகிறது என்று பார்த்தார். திரும்ப ஏறி, சுற்றிக்கொண்டு போய், காற்று என் மணத்தை அந்தப் பக்கம் கொண்டு போகாத இடத்தில் நிறுத்தினார். கடைக்குப் பக்கவாட்டில் பழைய டயர்கள் குவிந்து கிடந்தன. பிலோமினா இறங்கிப் போய் எட்டிப் பார்த்தாள். எங்களைத் திரும்பிப் பார்த்து, இருக்கிறது என்று தலையை ஆட்டினாள். பின்னங்கால் ஒன்று ஒடிந்து தொங்குகிறது என்று சைகையில் காட்டினாள். ஏதோ பைக் தட்டியிருக்க வேண்டும். டயருக்குள் தேங்கிய மழைத் தண்ணீரைக் குடித்துக் கிடந்திருக்கிறது. நான் உட்கார்ந்த கல்லுக்கும் அதற்கும் நான்கு அடி தூரம்.

நான் கதவைத் திறந்தேன்.

“நீ எறங்காத.”

“சார், காலு ஒடிஞ்சு கெடக்கு சார். நான் போனா ஒடனே வந்துரும்.”

“வரும். நாளைக்கும் இஞ்சதான் வரும். நாளை மறுநாளும் வரும்.” குரல் இறங்கியிருந்தது. “குனிஞ்சு இரி. கண்ணாடிய ஏத்து.”

பிலோமினாவை அருகில் அழைத்து மெல்லச் சொன்னார். “பேரு செல்லி விளிக்காண்டாம். தொடாண்டாம். பக்கத்துல போயி உனக்க பாட்டுக்கு இரி. வழக்கமா என்ன பேசுவியோ அதப் பேசு.”

அவள் போய் டயர்களுக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்தாள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். காலை நீட்டிக்கொண்டாள். பேச ஆரம்பித்தாள். என்ன பேசினாள் என்று எனக்குக் கேட்கவில்லை. கையை ஆட்டி, தலையை ஆட்டி, ஒரு இடத்தில் சிரித்து, ஒரு இடத்தில் மூக்கைச் சிந்தி, மகளைப் பற்றியோ மீன் ஏலத்தைப் பற்றியோ பேசிக்கொண்டே இருந்தாள். நான் இரண்டு சீட்டுக்கும் நடுவில் முகத்தை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி ஏற்றிய ஜீப்புக்குள் வியர்வை வழிந்தது. ஒரு குரல் கொடுத்தால் போதும், அது தவழ்ந்தாவது என்னிடம் வரும். என் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன். இருபத்தைந்து வருட வேலையில் நான் செய்த கஷ்டமான வேலை எது என்று யாராவது கேட்டால், அந்த ஒரு மணி நேரம் சும்மா இருந்ததைத்தான் சொல்வேன்.

டயருக்கு வெளியே முதலில் மூக்கு தெரிந்தது. பிறகு வெட்டிய காது. ஒரு சாண் இழுத்துக்கொண்டு வரும், நிற்கும், ரோட்டைப் பார்க்கும். பிலோமினா திரும்பவில்லை, பேச்சை நிறுத்தவில்லை. இன்னொரு சாண் நகர்ந்தது. கடைசியில் தாடையை அவள் பாதத்தின் மேல் வைத்தது.

பிலோமினாவின் பேச்சு நின்றுவிட்டது. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“ம்” என்றார் சார். மருந்துப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். அங்கேயே வைத்துக் கட்டுப் போட்டு, ஒரு ஆட்டோ பிடித்து அவர்களோடு ஏறிப் போனார். ஜீப்பில் என் மணம் இருக்கும் என்பதால் அதில் ஏற்றவில்லை. அவர் திரும்பி வரும் வரை நான் தனியாக அதற்குள் குனிந்தே இருந்தேன். ஆள் போன பிறகு நிமிர்ந்திருக்கலாம். தோன்றவில்லை.

சார் வந்ததும் டேஷ்போர்டில் இருந்து ஒரு வெற்றுப் படிவத்தையும் பேனாவையும் எடுத்துத் தந்தார். “கடைசில எழுது. உனக்க கையால.”

என்ன எழுத வேண்டும் என்று நான் கேட்கவில்லை. முப்பது நாள் என்று எழுதினேன். வாங்கிப் பார்த்தார். “ஒடிஞ்ச எலும்பு ஒண்ணு கூடவே நாப்பது நாளு ஆவும்” என்றார். திருத்தினேன். அதற்குப் பிறகு இந்த விஷயத்தை அவர் சாகும் வரை என்னிடம் எடுத்ததில்லை. முழங்கால் வலி இல்லாத நாளிலும் அவர் ஏன் தெருமுனையிலேயே நின்றார் என்பது மட்டும் எனக்கு அன்றைக்குப் புரிந்தது.

சஜிதா, மூன்றாம் நாள் நீங்கள் எடுக்கிற வீடியோவில் நாய் உங்களைக் கண்டதும் துள்ளும். பார்க்கிற ஆயிரம் பேருக்கும் அது பாசமாகத் தெரியும். அந்த வீட்டுக்காரர் ஓரமாக நிற்பார் பார், கேமரா அவர் பக்கம் திரும்பாது. அவர் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். பதினொன்றாவதை எடுக்காதே பிள்ளே. அச்சில் போட்டாலும் சரி.

நாற்பத்தொன்றாம் நாள் நான் கடியப்பட்டணம் போனேன். சாரிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். கையில் ஒன்றும் கொண்டு போகவில்லை. தூறிக்கொண்டிருந்தது. குடையை முகத்துக்கு நேரே சாய்த்துப் பிடித்துக்கொண்டு பிலோமினா வீட்டு வேலியைத் தள்ளினேன்.

உள்ளேயிருந்து ஒரு நாய் குரைத்தது. வேறு நாய் வாங்கிவிட்டாளோ என்றுதான் முதலில் நினைத்தேன். குடையை நிமிர்த்திப் பார்த்தேன். செவலை. பின்னங்காலைச் சற்று தூக்கி வைத்துக்கொண்டு, வாசலை மறித்து நின்று என்னைப் பார்த்துக் குரைத்தது. ஐந்து வருடம் ஆயிரம் பேர் கையில் வளர்ந்து ஒருவரையும் பார்த்துக் குரைக்காத நாய்.

பிலோமினா உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். “ஏட்டி, சும்ம கெட! ஆருன்னு பாரு. நம்ம எஸ்தர் அக்காளாக்கும்.”

அது கிட்டே வந்து என் காலை முகர்ந்தது. தெரிந்துகொண்டது. வால் ஆடியது, நன்றாகவே ஆடியது. நான் அசையாமல் நின்றேன். அது என்னைச் சுற்றி ஒரு முறை வந்தது. பிறகு திரும்பி நொண்டிக்கொண்டே போய், மீன் கழுவிக்கொண்டிருந்தவளின் ஈரப் பாதத்தில் தாடையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டது.